யாருக்கு எத்தனை கோர்? பல்கலைக்கழகக் கணினித் தொகுதிகளில் பங்கீட்டுக் கேள்வி

2022 மே 25 அன்று திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' என்ற மீக்கணினி திறந்துவைக்கப்பட்டது. அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது உச்ச வேகத்தில் வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணினித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், சி-டாக் நிறுவனம் இதை அமைத்துக் கொடுத்தது. பெரும்பாலான பாகங்கள் இந்தியாவிலேயே செய்து பூட்டப்பட்டவை. சூட்டைத் தணிக்கத் திரவக் குளிர்விப்பு. இவ்வளவும் நாளிதழ்களில் வந்தன.

வராதவை வேறு. யார் உள்ளே நுழையலாம், ஒருவர் ஒரே நேரத்தில் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், வரிசையில் யார் முன்னே யார் பின்னே, போட்டுவைத்த தரவு எத்தனை நாள் இருக்கும், படிப்பு முடிந்து போனவரின் கணக்கை யார் மூடுவது? ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வு மூன்று ஆண்டில் முடியுமா ஐந்தாண்டு இழுக்குமா என்பதை வேகத்தைவிட இந்த விதிகளே தீர்மானிக்கின்றன. கணினி வாங்கும் வேலையை இந்தியா ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டது. வாங்கியதைப் பங்கிடும் வேலையில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம் என்பது என் கருத்து.

பூதப்பாண்டியில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையாகத் தெரியும். நாகர்கோவிலுக்கு வடக்கே, தோவாளை வட்டத்தின் தலைமையிடம் இது. சுற்றுவட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கோணத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. தென்மாவட்டங்களின் இயற்பியல், வேதியியல் துறைகளில் மூலக்கூறுகளின் அதிர்வுகளைக் கணக்கிட்டு, அகச்சிவப்பு, ராமன் நிறமாலைகளோடு ஒப்பிடுகிற ஆய்வு நெடுநாளாக நடக்கிறது. 'காஸியன்' மென்பொருளில் ஒரு மூலக்கூறை ஏற்றி, ஆய்வகத்தின் ஒற்றைக் கணினியில் வாரக்கணக்கில் ஓடவிடுவார்கள். இடையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால், அதுவரை நடந்த கணக்கைச் சேமித்துவைக்கும் செக்பாயிண்ட் கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அங்கிருந்து தொடர வேண்டும், கெட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து. இதே வேலை ஒரு நல்ல தொகுதியில் ஓரிரு நாளில் முடியும். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011இலேயே 'சாகா-220' என்ற கணினியை நிறுவியது. அது ராக்கெட் பணிக்கு உரியது. திருச்சியோ முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் தூரம் இங்கே தடையில்லை. தொகுதியில் வேலை செய்கிறவர் யாரும் அதன் பக்கத்தில் போய் உட்காருவதில்லை. பக்கத்து அறையில் இருந்தாலும் கம்பி வழியாகத்தான் நுழைகிறார்கள். அனுமதிதான் தடை.

பங்கீட்டுச் சண்டை கணினியைப் போலவே பழையது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ குழு 1961இல் உருவாக்கிய பகிர்வுக் கணினி அமைப்பில்தான் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதை உடைத்தார். அவருக்கு வாரம் 4 மணி நேரம்தான் ஒதுக்கீடு. அவர் செய்துகொண்டிருந்த ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பை அச்சிடக் கேட்கும் துளை அட்டையில் கடவுச்சொல் கோப்பின் பெயரையே எழுதிப் போட்டார். எல்லோருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது. பிறர் பெயரில் நுழைந்து தன் வேலையை ஓட்டினார். நாமறிந்த முதல் கடவுச்சொல் திருட்டு நடந்ததன் காரணம் பணமோ பகையோ இல்லை, கணினி நேரம் போதாதது. ஒதுக்கீடு தேவைக்குப் பொருந்தாவிட்டால் அனுமதிக் கட்டுப்பாடும் நிற்காது என்பதை அன்றே காட்டிய நிகழ்ச்சி இது. அனுமதியையும் பங்கீட்டையும் இரண்டு குழுக்களிடம் தனித்தனியே ஒப்படைக்கும் பல்கலைக்கழகங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் 1964இல் மும்பை டாடா ஆதார ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த சிடிசி 3600 கணினியை நாடெங்குமுள்ள ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். 1973இல் மேற்கு ஜெர்மனியின் உதவியில் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்தது. துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, தாள் வரும்வரை காத்திருக்கும் காலம். கணினி ஒன்றுதான், வரிசையும் ஒன்றுதான், யாருடைய அட்டைக் கட்டு எப்போது ஏறியது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 16 சாதாரணக் கணினிகளை இணைத்து 'பேவுல்ஃப்' தொகுதியைக் கட்டியதும் நிலைமை மாறியது. மலிவான பெட்டிகளை அடுக்கி, லினக்ஸ் ஏற்றினால் மீக்கணினி. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் இப்படித்தான் 'கப்ரு' தொகுதியைக் கட்டியது. 144 கணுக்கள், அதாவது இணைத்த தனிக் கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் செயலிகள். துகள் இயற்பியலின் கணக்குகளுக்காக எழுந்த அது, உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. தமிழ்நாட்டுக் கல்விச்சூழலுக்கு அது பெரிய தைரியம் கொடுத்தது.

மலிவு இன்னொன்றையும் செய்தது. துறைக்கு ஒரு தொகுதி, ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒரு தொகுதி, பேராசிரியருக்கு ஒரு தொகுதி என்று சிதறின. ஒரே வளாகத்தில் ஒரு கட்டடத்தில் கணுக்கள் சும்மா கிடக்க, அடுத்த கட்டடத்தில் மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். சிதறியவற்றை ஒரே மையத்தில் சேர்ப்பது என்று இப்போது பல நிறுவனங்கள் முடிவெடுத்துவிட்டன. சேர்த்த உடனே பங்கீட்டுக் கேள்வி திரும்பவும் வந்துவிடுகிறது. தன் திட்டப் பணத்தில் கணு வாங்கிச் சேர்த்த பேராசிரியர், அது தனக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பார். வாங்காதவர், இது பொதுச்சொத்து என்பார். இருவருக்கும் நடுவே ஒரு வழி உண்டு: உரிமையாளர் கேட்கும்போது கணு அவருக்கு இடம் விடும். கேட்காதபோது மற்றவர் வரிசையில் போட்ட வேலை, அதாவது ஜாப், ஓடும். அவர் வந்தால் அந்த ஜாப் நிறுத்தி வைக்கப்படும். இந்த ஏற்பாடு பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. செக்பாயிண்ட் எடுக்கத் தெரிந்தவருக்கு இதில் நட்டமில்லை. தெரியாதவருக்கு முதல் தடவையிலேயே வெறுத்துப்போகும்.

முறை

வரிசையை எப்படி நடத்துவது? வந்தவர் முதலில் என்பது எளிய விதி. ஒரே ஆள் வெள்ளிக்கிழமை இரவு ஆயிரம் ஜாப் போட்டுவிட்டுப் போனால், திங்கள் காலை வருகிறவருக்கு இடமில்லை. இந்தச் சிக்கலுக்கு நல்ல விடை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரே கணினியில் முட்டிமோதிக்கொண்டிருந்தபோது, ஜூடி கேயும் பியர்ஸ் லாடரும் பங்கை ஆளுக்குக் கொடுத்தார்கள், ஓடும் நிரலுக்கு அல்ல. அதுவரை யுனிக்ஸில் பத்து நிரல் ஓட்டுகிறவருக்குப் பத்து மடங்கு கிடைத்தது. அவர்கள் முறையில் அண்மையில் அதிகம் எடுத்தவர் தானாகவே பின்னால் போனார். எடுக்காதவர் முன்னால் வந்தார். 1988இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை இன்றைய பல நியாயப் பங்கீட்டு முறைகளுக்கு மூலம்.

இன்று உலகில் பெரும்பாலான பல்கலைக்கழகத் தொகுதிகளில் 'ஸ்லர்ம்' என்ற வரிசை மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்து, கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. ஒரு ஜாப் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, போட்டவர் அண்மையில் எவ்வளவு எடுத்தார், ஜாப் எவ்வளவு பெரியது, எந்தப் பிரிவில் நிற்கிறது என்பவற்றை எடை போட்டுக் கூட்டி முன்னுரிமை எண்ணைத் தருகிறது. எடுத்த கணக்கு ஒரே நாளில் அழிவதில்லை. பாதி ஆயுள் முறையில் தேய்கிறது. ஸ்லர்மில் எதையும் மாற்றாவிட்டால் அந்தப் பாதி ஆயுள் 7 நாள். போன வாரம் எடுத்தது இன்று பாதியாகக் கணக்காகும், அதற்கு முந்தைய வாரத்தது கால்பங்காக.

தண்ணீர்ப் பங்கீட்டில் வளர்ந்த நாஞ்சில்நாட்டுக்காரருக்கு இது விளங்கும். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில்நாடு புத்தனாறு கால்வாய் என்று பிரிந்து வருகிறது. கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ தண்ணீர் காணாத ஆண்டில் முறை வைத்து விடுவார்கள். தலைமடைக்காரர் எடுத்தது போகக் கடைவரம்பு வரை வந்து சேருகிறதா என்பதுதான் ஆண்டாண்டுகாலப் புகார். தொகுதியிலும் கடைவரம்பு உண்டு. வளாகத்துக்குள் இருக்கும் பெரிய ஆய்வுக்குழு தலைமடை. தொலைவில் இருந்து, எப்போதாவது ஒரு ஜாப் போடும் கல்லூரி மாணவர் கடைவரம்பு. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அணையில் விடாத தண்ணீர் அணையிலேயே இருக்கும். இன்று ஓடாத கோர்-மணி, அதாவது செயலியின் ஒரு கோர் ஒரு மணி நேரம் செய்யும் வேலை, நாளைக்குச் சேராது, போனது போனதுதான். அதனால்தான் ஆளுக்கு இவ்வளவு மணி என்று பிரித்துக் கொடுத்து, தீர்ந்ததும் கதவை மூடும் கெட்டியான ஒதுக்கீடு தொகுதிக்குப் பொருந்துவதில்லை. ஒதுக்கீடு தீர்ந்தவர் காத்துக்கிடக்க, ஒதுக்கீடு மிஞ்சியவர் பயன்படுத்தாமல் இருக்க, கணுக்கள் வெறுமனே மின்சாரம் குடிக்கும். ஆண்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தீர்க்க வேண்டுமென்று தேவையில்லாத கணக்குகளை ஓட்டுவதும் நடக்கிறது. ஒதுக்கீடு தீர்ந்தாலும் கடைசி முன்னுரிமையில் ஓடவிடுவதே சரி.

நியாயப் பங்கு யாருக்கு என்பதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கீழ் துறை, துறையின் கீழ் கைடு (ஆய்வு நெறியாளர்), கைடின் கீழ் ஸ்காலர் (ஆராய்ச்சி மாணவர்) என்று மரமாக அமைத்தால், பதினைந்து பேர் உள்ள குழுவுக்கும் ஒரே ஒருவர் உள்ள குழுவுக்கும் சமபங்கு போகலாம். தலைக்கு என்று கணக்கிட்டால் பெரிய குழு மேலும் பெரிதாகும். இரண்டில் எது நியாயம் என்பதை ஸ்லர்ம் சொல்லாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை எழுதும் கணினி நிர்வாகி, அதாவது அட்மின், பல இடங்களில் தன்னந்தனியாக இந்த முடிவை எடுத்துவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை, அவரிடம் வேறு யாரும் எதுவும் சொல்வதில்லை. ஒரு கல்வி நிறுவனத்தின் அறம் சார்ந்த முடிவு இப்படி யாரும் படிக்காத ஒரு கோப்பில் கிடப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேட்பதும் பயன்படுத்துவதும்

"ராத்திரி போட்ட ஜாப் இப்பவும் க்யூவுல தான் கெடக்கு" என்று சொல்லாத ஸ்காலர் கிடையாது. காரணத்தை வரிசைப் பட்டியலின் கடைசிப் பத்தியே சொல்லிவிடும். 'ரிசோர்ஸஸ்' என்றிருந்தால் நம் முறை வந்துவிட்டது, கேட்ட அளவுக்குக் கணு இன்னும் காலியாகவில்லை. 'பிரையாரிட்டி' என்றிருந்தால் நமக்கு முன்னால் ஆளிருக்கிறது. 'லிமிட்' என்று முடியும் நீளமான சொல் வந்தால் நம்முடைய அல்லது நம் குழுவின் வரம்பு நிரம்பிவிட்டது. கணு காலியாக இருந்தாலும் ஓடாது. இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரிந்தவர் அட்மினுக்குக் கோபமாக மின்னஞ்சல் எழுத மாட்டார். தன் ஜாப் கோப்பைத் திருத்துவார்.

பெரும்பாலான காத்திருப்பு நாமே உண்டாக்குவது. 48 கோர்களும் 192 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரு கணுவை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் யாரோ கொடுத்த பழைய ஜாப் கோப்பை அப்படியே வைத்து 48 கோர் கேட்கிறார். அவர் எழுதிய பைத்தான் நிரல் ஒரு கோரில்தான் ஓடுகிறது. முடிந்தபின் திறன் அறிக்கையைக் கேட்டால் 2.08 விழுக்காடு என்று வரும். 47 கோர் அவர் பெயரில் பூட்டிக் கிடந்தன. இன்னொருவர் ஒரு கோர் மட்டும் கேட்டு, பயத்தில் 180 ஜிபி நினைவகம் எழுதிவிடுகிறார். கோர்கள் காலியாக இருந்தும் நினைவகம் இல்லாததால் யாரும் அங்கே ஓட முடியாது. கோர் மணியை மட்டும் கணக்கிடும் மையத்தில் முதலாமவர் 48 பங்கு எடுத்தவர், இரண்டாமவர் ஒரு பங்கு எடுத்தவர். உண்மையில் இருவரும் கிட்டத்தட்ட ஒரு முழுக் கணுவை விழுங்கியிருக்கிறார்கள். பெர்க்லியில் அலி கோத்சியும் சகாக்களும் 2011இல் முன்வைத்த விதி இதற்கு விடை: ஒருவர் கேட்கும் வளங்களில் எது மொத்தத்தில் மிகப் பெரிய பங்கோ, அதையே அவர் பங்காகக் கொள்ள வேண்டும். ஸ்லர்மில் கோர், நினைவகம், ஜிபியு (வரைகலைச் செயலி) ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்து இதற்கு நெருக்கமாகச் செய்யலாம். செய்கிற மையங்களில் மாணவர்கள் தாமாகவே கேட்கும் அளவைக் குறைக்கிறார்கள்.

நேர வரம்பும் அப்படித்தான். 20 கணு உள்ள தொகுதியில் 12 கணுக்கள் இன்னும் 6 மணி நேரம் ஓடும். முன்னுரிமையில் முதலில் நிற்கும் ஜாப்புக்கு 20 கணுவும் வேண்டும். அதுவரை 8 கணு காலி. 1995இல் ஆர்கான் ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா எழுதிய இடைநிரப்பு முறை, அந்த 6 மணிக்குள் முடியக்கூடிய சிறு ஜாப்புகளை அந்த எட்டில் நுழைத்துவிடும். பெரிய ஜாப்புக்கு ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகாது. 4 கணு, 5 மணி என்று எழுதியவர் உடனே ஓடுகிறார். அதே வேலைக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று 7 நாள் எழுதியவர் வெளியே நிற்கிறார். நம் ஊர் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: ஜாப் ஒருமுறை முடிந்ததும் எடுத்த நேரத்தைப் பாருங்கள், அடுத்த தடவை அதில் ஒரு கால்பங்கு கூட்டி எழுதுங்கள்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு தவறான எதிர்பார்ப்பு இருக்கிறது. கோடிகளில் வாங்கிய கணினி 95 விழுக்காடு ஓடவில்லை என்றால் தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம். வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், பயன்பாடு 80 விழுக்காடாக இருக்கும்போது ஒரு வேலை முடிய அதன் சொந்த நேரத்தைப்போலச் சராசரியாக 5 மடங்கு ஆகும். 90இல் 10 மடங்கு, 95இல் 20 மடங்கு. பல நூறு கணுக்கள் உள்ள தொகுதியில் எண்கள் மாறும், போக்கு மாறாது. கடைசிச் சில விழுக்காட்டைப் பிழிந்தெடுக்கப் பயனர் கொடுக்கும் விலை மிக அதிகம். ஆண்டறிக்கையில் பயன்பாட்டு விழுக்காட்டோடு காத்திருப்பு நேரத்தின் இடைநிலை அளவையும் அச்சிட வேண்டும், அதுவும் வளாகத்தாருக்கும் வெளியாருக்கும் தனித்தனியாக.

ஜிபியு வந்தபிறகு இவை எல்லாம் இன்னும் கடுமையாகிவிட்டன. கோர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் மையத்திலும் ஜிபியுக்கள் சில பத்துதான். மாணவர் உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜுப்பிட்டர் பக்கத்தைத் திறந்து ஒரு ஜிபியுவைப் பிடித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்; அட்டை வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கிறது. 2020இல் வந்த ஏ100 என்ற ஜிபியு அட்டையை ஏழு துண்டுவரை பிரித்துக் கொடுக்க முடியும். பாடம் படிப்பவர்களுக்கும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கும் ஒரு துண்டு போதும். முழு அட்டையை நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு மட்டும் விடலாம். 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 10,372 கோடி ரூபாயில் இந்தியா ஏஐ இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் ஜிபியுக்களை மானிய வாடகைக்கு விடுவது முக்கியப் பகுதி. அது பல்கலைக்கழகத் தொகுதியின் இடத்தை நிரப்பாது. மணிக்கு இவ்வளவு என்று காசு எண்ணிக்கொண்டு, தவறு செய்து தவறு செய்து கற்க வேண்டிய முதலாண்டு ஸ்காலரால் கற்க முடியாது.

வாசல்

நம் நாட்டில் நான் பரவலாகக் காணும் பழக்கம் ஒன்று: கைடின் பெயரில் ஒரு கணக்கு, அதை ஐந்து மாணவர்கள் பகிர்ந்துகொள்வது. கடவுச்சொல் ஆய்வகப் பலகையில் ஒட்டியிருக்கும். விண்ணப்பப் படிவம் நீளம், ஒப்பம் வாங்க அலைய வேண்டும் என்பதால் இப்படி நடக்கிறது. விளைவு, யார் எதை ஓட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் தவறுதலாக அழித்தால் ஐவருடைய கோப்பும் போகும். படிப்பு முடிந்து வெளிநாடு போனவரிடமும் அந்தச் சாவி இருக்கும்.

இதன் ஆபத்தை 2020 மே மாதம் ஐரோப்பா அனுபவித்தது. திருடப்பட்ட பயனர் சாவிகளைக் கொண்டு தாக்குநர்கள் ஒரு தொகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவினார்கள். எடின்பரோவின் 'ஆர்ச்சர்' மூடப்பட்டது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பல மையங்கள் கதவடைத்தன. ஆர்ச்சரில் எல்லாப் பயனர்களும் கடவுச்சொல்லையும் சாவியையும் மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் மறைநாணயம் எடுக்கவே இந்த நுழைவு என்று சந்தேகித்தார்கள். வெளியாள்தான் வர வேண்டும் என்றில்லை: 2014இல் ஹார்வர்டின் 'ஒடிஸி' தொகுதியில் உள்ளிருந்தே ஒருவர் டோஜ்காயின் எடுத்து, நுழைவுரிமையை இழந்தார். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 நாளிட்ட, ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் ஆணை, ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. பகிர்ந்த கணக்கில் வைத்திருக்கும் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கும்?

ஆளுக்கொரு கணக்கு, அதன் காலாவதி பல்கலைக்கழக மாணவர் பதிவேட்டோடு பிணைந்தது, இரண்டாம் சான்றாகக் கைபேசியில் வரும் ஒருமுறை எண். இந்த மூன்றும் போதும். படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மாணவர் வெளியேறும்போது கணக்கு மூடப்படுவதோடு, அவருடைய தரவு கைடின் குழுக் கோப்பகத்துக்கு மாற வேண்டும். இதை எழுதிவைக்காத மையங்களில், ஆறு மாதம் கழித்துக் கட்டுரைக்குத் திருத்தம் கேட்கும்போது மூலக் கோப்பு யார் பெயரில் பூட்டியிருக்கிறது என்று தேடுவார்கள்.

வாசலைக் காக்கும் வேகத்தில் கடைவரம்பை வெளியே தள்ளிவிடுவதும் நடக்கிறது. 'வளாக வலையிலிருந்து மட்டும்' அல்லது 'பதிவு செய்த நிலையான ஐபி முகவரியிலிருந்து மட்டும்' என்ற விதி பாதுகாப்பாகத் தோன்றும். பூதப்பாண்டியில் கைபேசி இணைப்பில் மடிக்கணினியைப் பொருத்தி உட்காரும் ஸ்காலருக்கு நிலையான முகவரி கிடையாது. அவர் முகவரி நேரத்துக்கு நேரம் மாறும், பலரோடு பகிர்ந்ததாகவும் இருக்கும். அவருக்கு விபிஎன் கணக்கு கொடுத்தால் தீர்ந்தது. உள்ளே வந்தபின் இணைப்பு அறுந்தாலும் கவலையில்லை, வரிசையில் போட்ட ஜாப் தன் பாட்டுக்கு ஓடும். திரையைத் தொகுதியிலேயே உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் கருவி பழகியவருக்குத் திறந்திருந்த திரையும் அப்படியே இருக்கும்.

சேமிப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டுக் கோப்பகத்துக்குச் சிறிய அளவு வரம்பு, 'ஸ்கிராட்ச்' எனப்படும் தற்காலிக இடத்தில் தொடாமல் கிடப்பவை குறித்த நாளில் அழியும். பயனர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில், நிறுவிய நிறுவனமே ஓட்டிய காப்புநிரலில் ஏற்பட்ட தவறால் சுமார் 77 டெராபைட், 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக்குழுக்களின் தரவு அழிந்தது. தொகுதியில் இருப்பது பாதுகாப்பாக இருக்கிறது என்று யாரும் நம்ப வேண்டாம். முடிவுகளை அன்றன்றே கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

வெளியாருக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் தொடங்கிய 'ஆக்ஸஸ்' திட்டம் நான்கு படிகள் வைத்திருக்கிறது. மேல்படிக்கு முழு ஆய்வு முன்மொழிவு வேண்டும். முதல்படிக்குச் சுருக்கமான ஒரு விவரிப்பு போதும், முனைவர் பட்ட மாணவரே விண்ணப்பிக்கலாம். எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி முதல்படியில் பெரிதாக எழுவதில்லை. நமக்கு வேண்டியது இந்த முதல்படிதான். பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு தொகுதியும் தன் திறனில் ஒரு பங்கைக் கணினி இல்லாத கல்லூரிகளுக்கு என்று எழுதி ஒதுக்கி, அந்தப் பங்கு ஒவ்வொரு மாதமும் போய்ச் சேர்ந்ததா என்று வெளியிட வேண்டும். பயன்படாமல் மிஞ்சினால் வளாகத்தாரே எடுத்துக்கொள்ளட்டும், கோர்-மணியைத் தேக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. ஆனால் அது மின்சாரச் செலவை ஒட்டியதாகவும், நிதியில்லாத ஸ்காலருக்கு முதல் சில ஆயிரம் மணி இலவசமாகவும் இருக்க வேண்டும்.

இணைப்புக் கம்பியும் அடையாளச் சான்றும் ஓரளவு தயார். தேசிய அறிவு வலையமைப்பு 2010 முதல் பெரிய நிறுவனங்களை இணைத்து வருகிறது. காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'இன்ஃபெட்' வழியாகக் கல்லூரி அடையாளத்தை வைத்தே மின்னிதழ்களைப் படிக்க முடிகிறது. அதே அடையாளத்தைக் கணினித் தொகுதிகளும் ஏற்றால், ஒவ்வொரு மையத்திலும் தனித்தனிப் படிவம் நிரப்பும் பாடு பாதியாகும்.

வரிசையின் எடைகளையும் வரம்புகளையும் முடிவு செய்ய ஒரு பயனர் குழு வேண்டும். துறைத் தலைவர்கள் மட்டும் போதாது. ஜாப் போடுகிறவர்கள் ஸ்காலர்கள், அவர்களில் இருவரும் வெளிக்கல்லூரி ஒருவரும் உட்கார வேண்டும். அமைப்புக் கோப்பில் உள்ள எடைகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். மாநாட்டுக் கெடுவோ ஆய்வேடு கெடுவோ நெருங்குகிறவருக்கு முன்னுரிமை தரலாமா என்பதைப் போன்ற கேள்விகள் அட்மினின் கைபேசிக்கு இரவில் வராமல், அந்தக் குழுவுக்கு எழுத்தில் போக வேண்டும்.

அட்மின் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கணினிக்கு ஒருமுறை நிதி வரும். அதை நடத்துகிறவருக்கு நிரந்தரப் பணியிடம் பெரும்பாலும் வருவதில்லை. திட்டப் பணியாளராக ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர், பயனர்களின் மென்பொருட்களைத் தொகுத்துக் கொடுத்து, ஜாப் ஏன் செத்தது என்று பார்த்துச் சொல்லி, புதிதாய் வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வழியாக மையத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவரும்போது ஒப்பந்தம் முடிந்து தனியார் நிறுவனத்துக்குப் போய்விடுகிறார். அடுத்து வருகிறவர் முன்னவர் எழுதிய அமைப்புக் கோப்பைத் தொட அஞ்சி அப்படியே விடுகிறார். 2.08 விழுக்காட்டு ஜாப்பைக் கண்டுபிடித்து அந்த மாணவரைக் கூப்பிட்டுச் சொல்ல ஆள் வேண்டும். விபிஎன் கணக்கு கேட்டுக் கோணத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வரும் மின்னஞ்சலுக்கு அன்றே பதில் எழுதவும் ஆள் வேண்டும். அடுத்த தொகுதிக்கான திட்ட அறிக்கையில் கணுக்களின் எண்ணிக்கையை எழுதும் அதே பக்கத்தில், ஊதிய விகிதத்தோடு இரண்டு நிரந்தரப் பணியிடங்களையும் எழுதச் சொல்லிப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழுக்கள் கேட்க வேண்டும்.